புடலங்கொடி வளையம்

என் மகள் எட்டாம் வகுப்பு படிக்கும்போதே எங்கள் வீட்டு நிலைப்படியில் தலையை இடித்துக்கொண்டாள். அன்றைக்கு அழுதாள். மறுநாளிலிருந்து குனிந்து நுழையப் பழகிக்கொண்டாள். இடித்ததைவிட அவள் குனிந்ததுதான் எனக்குக் கஷ்டமாக இருந்தது. அவள் அப்பாவிடம் சொன்னேன். அவர் பேட்டை எஸ்டேட்டில் ஒரு இரும்புப் பட்டறையில் லேத் ஓட்டுகிறவர். "நிலைய ஒசத்தணும்னா செவத்த உடைக்கணும்ளா. பைய பாப்போம்" என்றார். பார்ப்போம் பார்ப்போம் என்றே வருஷம் போனது. நிலை உயரவில்லை. அவள்தான் உயர்ந்துகொண்டே போனாள்.

நான் மூன்றாம் வகுப்போடு பள்ளிக்கூடத்தை விட்டவள். எழுத்துக் கூட்டித்தான் எழுதுகிறேன். ஒரு பக்கத்துக்கு ஒரு பொழுது ஆகிறது, ஆகட்டும். இது நான் எழுத வேண்டிய விஷயம். எனக்குப் பெருமையான விஷயம்.

எங்கள் தெருவில் முக்கால்வாசி வீடுகளில் பீடி சுற்றுகிற பெண்கள்தான். மத்தியானம் கழிந்தால் ஆளுக்கொரு தட்டை மடியில் வைத்துக்கொண்டு வாசலில் உட்கார்ந்துவிடுவோம். கை தன்பாட்டுக்குச் சுற்றும், வாய் ஊர் உலகமெல்லாம் போய் வரும். அப்படிப் பேச்சு நடக்கும்போது என் மகள் பள்ளிக்கூடம் விட்டு வந்தால் பக்கத்து வீட்டுக்காரி சொல்வாள் (அவளுக்கு நான் மைனி, எனக்கு அவள் மைனி): "மைனி, இவளுக்கு மாப்பிள்ள தேடணும்னா தென்ன மரத்துலதான் போய்த் தேடணும்." எல்லாரும் சிரிப்போம். மகளும் சிரிப்பாள். ஆனால் அந்தச் சிரிப்புக்குள் ஒரு கவலை இருந்தது எங்கள் எல்லாருக்கும் தெரியும். அதனால் தெருவே சேர்ந்து ஒரு காரியம் செய்தது. வெளி ஆள் யாராவது அவள் உயரத்தைக் கேட்டால் குறைத்துச் சொல்வது. யாரும் கூடிப் பேசி முடிவெடுக்கவில்லை. தன்னால் வந்த பழக்கம். மூலையில் பெட்டிக்கடை வைத்திருந்த அண்ணாச்சி கூட "அந்தப் புள்ள ஒசரம்லாம் இல்ல, நிமுந்து நிக்கதால அப்படித் தெரியுது" என்பார். ஒரு வீட்டுப் பிள்ளைக்கு ஒரு தெருவே பொய் சொல்வது சின்ன விஷயம் இல்லை.

கூடைப்பந்து விளையாட்டு அவளுக்குப் பள்ளிக்கூடத்தில் வந்தது. உயரத்தைப் பார்த்து இழுத்துக்கொண்டு போய் நிறுத்தினார்கள். பிறகு அந்த விளையாட்டுக்காகவே பாளையங்கோட்டையில் ஒரு கல்லூரியில் இடம் கிடைத்தது. அங்கே அவள் சென்டர். வளையத்துக்கு அடியில் நிற்கிற ஆளுக்கு அப்படிப் பெயராம். நாலு பேர் முட்டி மோதுகிற இடத்தில் நின்று, வளையத்தில் பட்டுத் திரும்புகிற பந்தைப் பிடிக்க வேண்டும். பிடித்ததைப் போட வேண்டும். "அடி படுமாட்டி?" என்று கேட்டேன். "படும்மா. நானும் குடுப்பேன்" என்றாள்.

வீட்டில் பழக வேண்டும் என்று கேட்டாள். அவள் அப்பா கல்லூரிப் பி.டி. டீச்சரிடம் அளவு கேட்டு வந்து, பட்டறையில் மிச்சம் கிடந்த கம்பியை வளைத்து, பற்றவைத்து, ஒரு வளையம் செய்தார். அச்சு அசலாகக் கல்லூரியில் இருப்பது போலவே இருந்தது. அதைக் கொல்லைச் சுவரில் அடிக்கப் போனால், சரியான உயரத்தில் மைனி வீட்டுக் கூரைத் தகரம் நீட்டிக்கொண்டிருந்தது. தகரத்தை வெட்டச் சொல்ல முடியுமா? அதற்கு மேலே, ஏணி எட்டின இடத்தில், அடித்து முடுக்கிவிட்டார். சரியான உயரத்தைவிட ஒரு அடியாவது கூடுதலாக இருக்கும். "பரவால்லப்பா" என்று மகள் அதிலேயே போட்டுப் பழகினாள். பந்து சுவரில் மோதுகிற சத்தம் காலையும் சாயங்காலமும் கேட்கும். சில நாள் பந்து தெருவுக்கு ஓடி அண்ணாச்சி கடையில் போய் நிற்கும். போகிற வழியில் சோடாப் பாட்டில் உடைந்ததும் உண்டு.

கல்லூரியில் கடைசி வருஷம். பாளையங்கோட்டையில் கல்லூரிகளுக்குள் ஒரு போட்டி வைத்தார்கள். அதைப் பார்க்க மெட்ராஸிலிருந்து ஒருவர் வருகிறார் என்று பி.டி. டீச்சர் சொல்லியனுப்பினார். ஒரு பெரிய ஆபீஸின் பெண்கள் அணிக்கு ஆள் பொறுக்குகிறவராம். அவருக்குப் பிடித்துப்போனால் ஒரு வருஷம் மெட்ராஸில் வைத்துப் பழக்குவார்கள். தேறினால் அந்த ஆபீஸிலேயே வேலை, அந்த அணியிலேயே ஆட்டம். பிடிக்காவிட்டால்? பரீட்சை எழுதிவிட்டு வந்து என் பக்கத்தில் தட்டை மடியில் வைத்து உட்கார வேண்டியதுதான். அவளும் இதை வாய் திறந்து சொல்லவில்லை, நானும் சொல்லவில்லை. ஆனால் அந்த வாரம் அவள் சரியாகச் சாப்பிடவில்லை.

போட்டி நடந்துகொண்டிருக்கும்போது ஒரு நாள் சுற்றின பீடியைக் கொடுக்கக் கம்பெனிக்குப் போயிருந்தேன். திரும்பி வந்தால் தெருமுனையிலேயே அண்ணாச்சி கடையை விட்டு இறங்கி எதிரே வருகிறார். கூடவே மைனி, ஓட்டமும் நடையுமாக.

"மைனி! ஒங்க மவளுக்குச் சம்மந்தம் வாசல் தேடி வந்திருக்கு!"

"யாரு வந்தா?"

"இரு தாயி, நான் சொல்லுதேன்" என்று அண்ணாச்சி மைனியை ஒதுக்கினார். "வெள்ளச் சட்ட, கையில தோல் பை. நடையிலயே தெரியுது பெரிய எடம்னு. வந்து ஒரு சோடா கேட்டாரு. குடிச்சிக்கிட்டே, இங்க காலேஜ் படிக்கிற உயரமான பொண்ணு வீடு எதுங்காரு. எனக்குப் பொறி தட்டிட்டு."

"நீங்க என்ன சொன்னிய?"

"எல்லாம் நல்லபடியாத்தான் சொன்னேன். உயரம் எவ்வளவுன்னாரு. பாக்கத்தான் ஒசரம், மெலிஞ்ச உடம்புல்லா, அதனாலன்னேன். அப்பா அம்மா உயரமான்னாரு. எல்லாரும் அளவாத்தான் இருப்பாவன்னேன். முழங்கால்ல, கணுக்கால்ல எதுவும் கோளாறு உண்டான்னாரு."

"அதையுமா கேட்டாவ?"

"கேக்க மாட்டாவளா? கட்டிட்டுப் போறவன் பாக்கணும்லா. தேரு மாதிரி நடக்கும்னேன். பந்து வெளையாடுமாமேன்னு பைய ஒரு போடு போட்டாரு பாருங்க! விடுவனா? அதெல்லாம் சின்னப் புள்ளையில, இப்ப விட்டாச்சு, தல நிமுந்து நடக்காத புள்ள, வேல கீலைன்னு வெளியூருக்கு அனுப்புற வழக்கமே அந்த வீட்டுல கெடையாதுன்னுட்டேன்."

மைனிக்குப் பொறுக்கவில்லை. "நம்ம வீட்டு வரைக்கும் வந்துட்டாவ மைனி. சந்துல நின்னு எட்டிப் பாத்தா அந்த வளையம்லா தெரியுது! எனக்குப் பக்குன்னு ஆயிட்டு. அது என்ன வளையம்னு கேட்டாவ. அது ஒண்ணுமில்ல, புடலங்கொடி ஏத்துததுக்கு அவ அப்பா அடிச்சதுன்னு சொல்லிட்டேன்."

"நம்புனாரா?"

"மேல பாத்தாவ, கீழ பாத்தாவ. கொடி எங்கன்னு கேட்டாவ. இனிமதான் நடணும்னேன்."

இரண்டு பேர் முகத்திலும் அப்படி ஒரு வெளிச்சம். கல்யாணத்தையே முடித்து வைத்துவிட்ட மாதிரி. நானும் அவர்களுக்குக் காப்பி போட்டுக் கொடுத்தேன். சாயங்காலம் அவள் அப்பா வேலை விட்டு வந்து எல்லாம் கேட்டுவிட்டு, "பேரு என்ன, எந்த ஊருன்னு எவனாவது கேட்டியளா?" என்றார். ஒருவரும் கேட்கவில்லை. "பொண்ணு விசாரிக்க ஒத்தையாளாவே வருவான்?" என்றார் அண்ணாச்சியிடம். அண்ணாச்சி யோசித்தார்.

அந்தச் சமயம்தான் பி.டி. டீச்சர் மொபெட்டில் வந்து இறங்கினார். பின்னால் என் மகள். நிலைப்படியில் குனியாமல் வந்து நெற்றியை இடித்துக்கொண்டு, அதைத் தடவக்கூட இல்லாமல் உள்ளே போய்விட்டாள். எத்தனையோ வருஷமாக இடிக்காதவள்.

"என்னக்கா, புள்ளைக்குக் கல்யாணம் பேசுதீங்களாமே?" என்றார் டீச்சர். "எங்கிட்ட ஒரு வார்த்த சொல்லக் கூடாதா?"

மெட்ராஸ்காரர் அன்றைக்கு எங்கள் தெருவுக்கு வந்து போயிருக்கிறார். அந்தத் தோல் பைக்காரர் அவரேதான். அவருக்கு என் மகள் ஆட்டம் முதல் நாளே பிடித்துவிட்டது. ஆனால் முன்னே இதே மாதிரி இரண்டு பெண்களை எடுத்துப் பழக்கி முடித்ததும், அவர்கள் கையில் கல்யாணப் பத்திரிகையோடு வந்து நின்றார்களாம். அதனால் இனிமேல் வீட்டை விசாரிக்காமல் ஆள் எடுப்பதில்லை என்று வைத்திருக்கிறார். விசாரிக்க வந்தவரிடம்தான் எங்கள் தெரு அத்தனை நல்ல வார்த்தைகளும் சொல்லியிருக்கிறது. கண்ணெதிரே ஆடுகிறவளை 'ஆட்டம் விட்டாச்சு' என்றதும், வீட்டில் கல்யாணத்துக்காக மறைக்கிறார்கள் என்று அவர் முடிவுகட்டிவிட்டார். "நல்ல பொண்ணு, நல்ல ஆட்டம், ஆனா வேண்டாம்" என்று டீச்சரிடம் சொல்லிவிட்டாராம். மறுநாள் கடைசி ஆட்டம் முடிந்ததும் சாயங்கால ரயிலுக்கு டிக்கெட் எடுத்திருக்கிறார்.

அண்ணாச்சி அப்படியே சுவரில் சாய்ந்துவிட்டார். மைனி வாயில் முந்தானையை வைத்துக்கொண்டாள். யாரையும் திட்ட எனக்கு வாய் வரவில்லை. எதற்குத் திட்ட? சொன்னது அத்தனையும் பிரியத்தில் சொன்னது.

உள்ளே போனேன். மகள் சுவர் பக்கம் திரும்பி உட்கார்ந்திருந்தாள்.

"நீ நாளைக்கு ஆடு. மத்தத நாங்க பாத்துக்கிடுதோம்" என்றேன்.

"நாங்கன்னா யாரும்மா?"

"தெருதான்."

மறுநாள் அண்ணாச்சி கடையைச் சாத்தினார். பண்டிகைக்குக் கூடச் சாத்தாத கடை அது. அவர், மைனி, நான், பட்டறையில் பாதி நாள் லீவு சொன்ன என் வீட்டுக்காரர், நாலு பேரும் டவுன் பஸ் ஏறிப் பாளையங்கோட்டை போய் இறங்கினோம். அதற்கு முன்னால் நான் அவள் ஆட்டம் பார்த்ததே இல்லை. பீடிக் கணக்கு ஒரு நாள் நின்றால் மறுநாள் இரண்டு பங்காக வந்து நிற்கும், எங்கே போக?

சிமெண்டுத் தரை. ஒரு பக்கம் படி படியாகக் கட்டியிருந்தது. மேல் படியில் அதே வெள்ளைச் சட்டை. "அன்னா இருக்காரு" என்று காட்டிவிட்டு, நான் பிடிப்பதற்குள் அண்ணாச்சி ஏறிப் போய்விட்டார். நாங்கள் பின்னாலேயே ஓடினோம்.

"சார், என்னத் தெரியுதா? சோடாக்கடை."

"தெரியுது. சொல்லுங்க."

"நேத்து நான் சொன்னது பூரா பொய்யி."

அவர் திரும்பி உட்கார்ந்தார். "பூராவுமா?"

"பூராவும். நீங்க மாப்பிள்ள வீடுன்னு நெனச்சிட்டேன். அந்தப் புள்ள ஒசரந்தான் சார். நல்ல ஒசரம். எங் கடைப் பலகையில தல தட்டும். அதோட அப்பன் அன்னா நிக்கான் பாருங்க, பனமரம் மாதிரி. அடக்கம்னு சொன்னேன்லா? அது ஒரு அடங்காப்பிடாரி சார்! எங்கடையில எத்தன பாட்டில் ஒடச்சிருக்குன்னு கேளுங்க. கேட்டா, பந்து போற வழியில எதுக்கு அண்ணாச்சி கடைய வச்சியன்னு எங்கிட்ட சண்டைக்கு வருது!"

"விடியும் முன்ன செவத்துல டம்மு டம்முன்னு அடி சார்" என்று மைனியும் சேர்ந்துகொண்டாள். "எங்க வீட்டுப் பாத்திரமெல்லாம் ஆடும். மழையில ஆடுவா. காய்ச்சல்ல ஆடுவா. ஒரு நா கூட விட்டதில்ல."

"அப்ப அந்தப் புடலங்கொடி?"

மைனி தலையைக் குனிந்தாள். "கொடி இல்ல சார்."

அவர் சிரித்தார். சத்தமாகச் சிரித்தார். பிறகு என் வீட்டுக்காரரைப் பார்த்து, "அந்த வளையம் நீங்க செஞ்சதா? தரையிலேர்ந்து எவ்வளவு உயரம்?" என்று கேட்டார். தகரக் கதையை இவர் சொன்னார். "அதானா!" என்றார் அவர். "மூணு நாளா யோசிச்சிட்டிருக்கேன், இந்தப் பொண்ணு பந்து மட்டும் ஏன் இவ்வளவு மேல போய் இறங்குதுன்னு. யாரு கை நீட்டினாலும் எட்டாது. நாங்க சொல்லிக் குடுத்தாலும் வராத பழக்கம்." என் வீட்டுக்காரர் மைனியைப் பார்த்து, "ஒங்க தகரத்துக்கு ஒரு கும்பிடு" என்றார்.

மெட்ராஸ்காரர் சிரிப்பை நிறுத்தி என் பக்கம் திரும்பினார். "அம்மா, நீங்க சொல்லுங்க. நாளைக்கு ஒரு நல்ல மாப்பிள்ளை வந்தா என்ன பண்ணுவீங்க?"

"வந்தா இருந்து ஆட்டம் பாத்துட்டுப் போகட்டும் சார்" என்றேன்.

அவர் தன் பக்கத்தில் இடம் காட்டினார். உட்கார்ந்தேன். விசில் ஊதினார்கள்.

என் மகளை அன்றுதான் நான் முழுசாகப் பார்த்தேன். வீட்டில் எப்போதும் ஒரு நிலைக்கோ உத்தரத்துக்கோ குனிந்துகொண்டிருப்பவள், அங்கே தலைக்கு மேல் ஒன்றுமில்லாமல் நிமிர்ந்து நின்றாள். எதிர் அணிப் பெண்கள் அவள் தோளுக்குத்தான் இருந்தார்கள்.

"இவ தேறுவாளா சார்?" என்று கேட்டேன். "எனக்காண்டி சொல்ல வேண்டாம். உள்ளதச் சொல்லுங்க."

அவர் உள்ளதையே சொன்னார். ஆட்டத்திலிருந்து கண்ணை எடுக்காமல் ஒவ்வொன்றாகச் சொன்னார். கை நல்ல கை. எப்படி வீசினாலும் பந்து அதில் வந்து ஒட்டிக்கொள்கிறது. இடித்தால் பயப்படுவதில்லை. ஆனால் கால் கொஞ்சம் மெதுவு. வலது பக்கம் திரும்புகிற அளவுக்கு இடது பக்கம் திரும்பத் தெரியவில்லை. உடம்பில் சதை பற்றாது. மெட்ராஸில் இருக்கிற பெண்கள் முதுகைக் கொடுத்துத் தள்ளினால் நகர்ந்துவிடுவாள். "இதெல்லாம் ஒரு வருஷத்துல சரி பண்ணிடலாம்மா. ஆனா ஒண்ணு இருக்கு, பாருங்க. இப்ப பாருங்க."

வளையத்தில் பட்டு வந்த பந்தை என் மகள் எல்லாருக்கும் மேலே எட்டிப் பிடித்தாள். பிடித்து, இடுப்பு வரைக்கும் இறக்கினாள். அவ்வளவுதான். இடுப்பு உயரத்தில் நின்ற ஒரு குட்டைப் பெண் படக்கென்று தட்டிக்கொண்டு ஓடிவிட்டாள்.

"மேல பிடிக்கிற பந்தை எதுக்குக் கீழ கொண்டுவரணும்? கீழ வந்தா உயரம் வீண். டீச்சர் ரெண்டு வருஷமா சொல்றாங்களாம், விடலை. ஒரு பொண்ணு இன்னிக்கு எப்படி ஆடுறாங்கிறது எனக்குப் பெருசு இல்லம்மா. தப்பு பண்ணிட்டிருக்கும்போது சொன்னா திருத்திக்கிறாளா? அது தெரிஞ்சாத்தான் நான் கூட்டிட்டுப் போக முடியும்."

மறுபடி ஒரு பந்து வந்தது. மறுபடி பிடித்தாள். மறுபடி இறக்கினாள். மறுபடி போயிற்று. அவள் ஏன் இறக்குகிறாள் என்று அந்த இடத்தில் எனக்கு விளங்கிவிட்டது. எட்டாம் வகுப்பிலிருந்து குனிந்து குனிந்து பழகின பிள்ளை. உயரத்தில் ஒன்று கைக்குக் கிடைத்தால் அதை எல்லாருடைய உயரத்துக்கும் இறக்கிக்கொண்டு வந்துதான் நிற்பாள். நாங்கள் ஒரு தெருவாக அவள் உயரத்தைக் குறைத்துக் குறைத்துச் சொன்னதைக் காதில் கேட்டு வளர்ந்தவள்.

மூன்றாவது பந்தை அவள் பிடித்ததும் நான் எழுந்து நின்றுவிட்டேன்.

"ஏட்டீ! எறக்காத! கீழ எறக்காதட்டி!"

மைதானமே திரும்பிப் பார்த்தது. வாசலில் இருந்துகொண்டு கொல்லையில் நிற்கிறவளைக் கூப்பிட்டுப் பழகின தொண்டை எனக்கு. அவளுக்குக் கேட்டது. நான் அங்கே உட்கார்ந்திருப்பேன் என்று அவள் நினைக்கவே இல்லை. பந்தைத் தலைக்கு மேலே பிடித்தபடி அப்படியே நின்றாள். குட்டைப் பெண் கீழே துள்ளித் துள்ளிப் பார்த்தாள், பூனைக்குட்டி உறியைப் பார்ப்பது போல. எட்டவில்லை. என் மகள் மேலிருந்தபடியே திரும்பி, மேலிருந்தபடியே போட்டாள். பந்து வானத்துக்குப் போய் நேரே வளையத்துக்குள் இறங்கியது.

"அப்படிப் போடு தாயி!" என்று அண்ணாச்சி படியிலிருந்து குதித்தார்.

அதற்குப் பிறகு ஆட்டம் முடிகிற வரைக்கும் அவள் பந்தை இறக்கவில்லை. ஒரு தடவை கூட. இரண்டு பேர் சேர்ந்து தொங்கினபோதும் இறக்கவில்லை. அவர் ஒவ்வொரு பந்துக்கும் குனிந்து பார்த்துக்கொண்டே இருந்தார். அந்த ஆட்டத்தில் எங்கள் பிள்ளைகள் தோற்றுப்போனார்கள், கொஞ்சத்தில். எனக்கு அது கூடப் பிறகுதான் தெரியும்.

விசில் ஊதினதும் அவர் எழுந்து பையை எடுத்துத் தோளில் மாட்டினார். "அம்மா, இந்தியாவுக்கு ஆடுவான்னு நான் சொல்ல மாட்டேன். சொன்னா பொய். ஆனா எங்க அணியில வளையத்துக்கு அடியில ஒரு எடம் இருக்கு. ஒரு எட்டு வருஷம் அதை இவ யாருக்கும் விட்டுக் குடுக்க மாட்டா. அவ்வளவுதான் என்னால சொல்ல முடியும். பரீட்சை முடிஞ்சதும் அனுப்புங்க."

ஊரெல்லாம் என் மகளைப் பற்றி எத்தனையோ நல்ல வார்த்தை சொல்லியிருக்கிறது. ஆனால் கூட்டியும் சொல்லாமல் குறைத்தும் சொல்லாமல், உள்ள அளவை உள்ளபடி சொன்னவர் அவர் ஒருவர்தான். அந்த அளவே எனக்கு நிறைய இருந்தது. பஸ்ஸில் திரும்பி வரும்போது மகள் என் தோளில் சாய முடியாமல் என் தலையில் சாய்ந்துகொண்டு வந்தாள்.

மெட்ராஸ் போனாள். இடது பக்கம் திரும்பக் கற்றுக்கொண்டாள். சதை போட்டாள். அந்த இடத்தை அவள் எட்டு வருஷத்துக்கு மேலேயே வைத்திருந்தாள். அவர் கணக்கில் அது ஒன்றுதான் தப்பு.

அவள் வேலையில் சேர்ந்து கொஞ்ச காலம் கழித்து நிஜமாகவே ஒரு மாப்பிள்ளை வீட்டார் எங்கள் தெருவுக்கு விசாரிக்க வந்தார்கள். மூலைக்கடையில் நின்று, உயரமான பொண்ணு வீடு எது என்று கேட்டார்கள். அண்ணாச்சி சோடாவை உடைத்துக் கையில் கொடுக்கும் முன்னாலேயே கேட்டாராம்:

"கல்யாணத்துக்கா, பந்துக்கா? அத மொதல்ல சொல்லுங்க."

கல்யாணத்துக்குத்தான் என்றார்கள். "அப்பச் சரி, நல்லாக் கேட்டுக்கிடுங்க" என்று ஆரம்பித்து, பந்து, மெட்ராஸ், உடைந்த பாட்டில் எல்லாவற்றையும் சொல்லிவிட்டு, கடைசியில் உயரத்தைச் சொன்னார். இருப்பதைவிட ஒரு அங்குலம் கூட்டியே சொன்னார்.

அந்த மாப்பிள்ளை முதலில் ஆட்டம் பார்த்துவிட்டுத்தான் வீட்டுக்கு வந்தார். வந்த அன்றைக்கு எங்கள் நிலைப்படியில் இடித்துக்கொண்டார்.